முக்கியமானதை மட்டும்

பல்கலைக்கழக நூலகத்தின் மாடிப்படிக்குக் கீழே ஒரு அறை இருக்கிறது. முன்பு உடைந்த நாற்காலிகளைப் போட்டுவைத்திருந்த இடம். கூரை ஒரு பக்கம் சரிந்து இறங்கும். உயரமானவர்கள் அந்தப் பக்கம் உட்கார்ந்தால் எழுந்திருக்கும்போது தலையில் இடித்துக்கொள்வார்கள். படியேறுகிறவர்களின் காலடி நாள் முழுக்கத் தலைக்கு மேல் கேட்டுக்கொண்டிருக்கும். கதவில் 'கற்றல் துணை மையம்' என்று எழுதியிருக்கிறது. மாணவர்கள் அதை மிட்டாய் ரூம் என்கிறார்கள். உள்ளே இருப்பவள் மிட்டாய் மேடம்.

அவளுக்கு அந்தப் பெயர் தெரியும். வருத்தமில்லை. காரணம் நியாயமானது.

அவள் பேச்சுக்காரி. எதிரில் இருப்பவர் ஒரு வாக்கியத்தைத் தொடங்கினால் அதை முடித்துவைப்பது அவள்தான். கல்யாணமான புதிதில் கணவனுக்கு அது பிடித்திருந்தது, பிறகு பழகிவிட்டது. "நான் எழுவாயைக் கொடுத்தா போதும், பயனிலை வீட்டுலயே இருக்கு" என்று நண்பர்களிடம் சொல்வான். அவர்கள் சிரிப்பதற்குள் அடுத்த வரியை அவள் சொல்லிவிடுவாள்.

நூலகத்தில் புத்தகம் கொடுத்து வாங்கும் மேசையில் வேலைக்குச் சேர்ந்தவள் அவள். வருகிற மாணவர்கள் எல்லாம் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: கட்டுரையின் கடைசியில் புத்தகங்களின் பெயரை எப்படி எழுதுவது? சொல்லிச் சொல்லி அலுத்து, ஒருநாள் அதை ஒரு தாளில் எழுதி மேசையில் ஒட்டினாள். தாளைப் பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். மறுபடி ஒட்டினாள். அதுவும் போனது. அச்சடித்துக் கட்டாக வைத்தாள். ஒரு பேராசிரியர் வகுப்பில் அதைப் படியெடுத்துக் கொடுத்தார். புதிதாக வந்த இயக்குநர் அந்தத் தாளைப் பார்த்துவிட்டு அவளைக் கூப்பிட்டார்.

"இதை எழுதினது நீங்களா?"

"ஆமா சார். ஏதாவது தப்பா..."

"தப்பில்ல. இதே மாதிரி எல்லாத்துக்கும் எழுதுங்க. எப்படிப் படிக்கிறது, எப்படிக் குறிப்பு எடுக்கிறது, கட்டுரை எழுதுறது, பரீட்சைக்கு நேரத்தைப் பிரிச்சுக்கிறது. இணையத்துல போட்டுடலாம். பசங்க எங்க இருந்தாலும் பாத்துக்குவாங்க."

அப்படித்தான் அந்த அறையும் ஒரு கணினியும், யாரும் முழுதாகச் சொல்லாத நீளமான பதவிப்பெயரும் வந்தன.

முதல் முயற்சி தோல்வி. எழுதிய பக்கங்களைத் திரையில் வைத்து, மாணவர்களைப் பக்கத்தில் உட்காரவைத்துக் காட்டினாள். எல்லாரும் தலையாட்டினார்கள். இணையத்தில் போட்டதும் ஒருவருக்கும் விளங்கவில்லை. யோசித்துப் பார்த்தபோது காரணம் பிடிபட்டது. பாதி விஷயம் எழுதிய பக்கத்தில் இருந்தது. மீதிப் பாதி அவள் வாயில் இருந்தது. வீட்டில் தனியாக உட்கார்ந்து படிக்கிறவனுக்கு அவள் வாய் கிடைக்காது.

அதனால் முறையை மாற்றினாள். மாணவர் தனக்கு உண்மையிலேயே கொடுக்கப்பட்டிருக்கும் வேலையைக் கொண்டுவர வேண்டும். பக்கத்தைத் திறந்துவைத்துக்கொண்டு அதைச் செய்ய வேண்டும். படிக்கும்போது மனதில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். திரையில் நடப்பது பதிவாகிக்கொண்டிருக்கும். அவள் பின்னால் உட்கார்ந்து, எங்கே நிற்கிறார்கள், எங்கே திரும்பிப் போகிறார்கள் என்று குறித்துக்கொள்வாள். ஒரு சொல் பேசக் கூடாது. கேட்டாலும் பதில் கிடையாது. ஒருவருக்கு உதவிவிட்டால், அந்தப் பக்கம் எங்கே ஓட்டையாக இருக்கிறது என்பது தெரியாமலே போய்விடும்.

பேசாமல் இருப்பது அவளால் ஆகிற காரியமாக இல்லை. புளிப்பு மிட்டாய் வாங்கினாள். கெட்டியான, கரைய நேரமெடுக்கும் வகை. மாணவர் உட்கார்ந்ததும் ஒன்றை வாயில் போட்டுக்கொள்வாள். அவருக்கும் ஒன்று கொடுப்பாள். கடிக்கக் கூடாது என்பது அவளே போட்டுக்கொண்ட சட்டம். சில பக்கங்கள் ஒரு மிட்டாயில் முடிந்தன. மேற்கோள் காட்டும் பக்கம் அரைப் பொட்டலத்தைத் தின்றது.

இப்படியே பக்கம் பக்கமாகத் திருத்தி, கிட்டத்தட்ட முடித்துவிட்டாள். பருவத் தொடக்கத்தில் வெளியிடுவதாக இயக்குநர் அறிவித்துவிட்டார். அந்த நேரத்தில்தான் நாத்தனார் ஃபெயிலானாள்.

நாத்தனார், கணவனுடைய தங்கை. அதே கட்டடத்தில் கீழ்வீட்டில் தனியாக இருக்கிறாள். கோர்ட்டில் சுருக்கெழுத்து வேலை. சாட்சி சொல்வது, வக்கீல் கேட்பது, நீதிபதி அதட்டுவது எல்லாவற்றையும் ஒரு சொல் விடாமல் எடுத்துத் தட்டச்சு செய்து கொடுக்க வேண்டும். இருபது வருஷமாகச் செய்கிறாள். ஒரு சொல் விட்டுப்போனதாக அவள்மேல் புகார் வந்ததில்லை. வீட்டில் அவளுக்கு டேப் என்று பெயர். அவளோடு சண்டை போட்டு ஜெயித்தவர்கள் கிடையாது. "அப்படிச் சொல்லலையே அண்ணி. 'வேணும்னா வரேன்'னு சொன்னீங்க. அந்த 'வேணும்னா' இருந்துச்சு" என்பாள். இருந்திருக்கும்.

கோர்ட்டில் அடுத்த படிக்குப் போக வேண்டுமானால் பட்டம் வேண்டும். அண்ணன் தூண்ட, படிப்பு விடுப்பு எடுத்துக்கொண்டு சமூகவியலில் சேர்ந்தாள். முதல் வரிசையில் உட்கார்ந்தாள். வகுப்பில் அவளைவிடப் பெரிய குறிப்பு யாரிடமும் இல்லை. விரிவுரையாளர் சொன்னது முழுவதும் அதில் இருந்தது. இருமல் என்றும் சிரிப்பு என்றும் அடைப்புக்குறிக்குள் இருந்தன. 'பின்னால் இருப்பவர் ஜன்னலைச் சாத்தவும்' என்பதும் இருந்தது. உடன்படிக்கும் பிள்ளைகள் பரீட்சைக்கு முன் அவள் பின்னாலேயே திரிந்தார்கள்.

ஆறு பக்கக் கட்டுரை கேட்டிருந்தார்கள். வீட்டு வேலை ஏன் வேலையாகக் கருதப்படுவதில்லை என்பது கேள்வி. அவள் பதினெட்டுப் பக்கம் கொடுத்தாள். எந்த அறிஞர் எதைச் சொன்னார் என்பது வரிசை பிசகாமல் இருந்தது. கட்டுரை திரும்பி வந்தபோது கடைசிப் பக்கத்தில் ஒரே வரி: 'இதில் நீங்கள் எங்கே?'

"நான் எதுக்கு அண்ணி அதுல இருக்கணும்?" என்று மேலே வந்து கேட்டாள். "கோர்ட் பதிவுல நான் இருந்தா வேலை போயிடும்."

மறுபடி எழுதிக் கொடுக்க ஒரு வாய்ப்பு உண்டு. அதிலும் தவறினால் படிப்பு அத்தோடு சரி. விடுப்பை ரத்து செய்துவிட்டுப் பழைய நாற்காலிக்கே திரும்பிப் போக வேண்டும். அவள் போவதற்கு முன்பே அங்கே சேதி போயிருக்கும்.

"நம்ம ரூமுக்கு வா" என்றாள் அண்ணி. "குறிப்பு எடுக்கிற பக்கத்தை இன்னும் ரெண்டு பேரை வச்சுப் பாக்கணும். உனக்கும் உதவும்."

"சும்மாவா?"

"கேன்டீன் டோக்கன் உண்டு."

"கோர்ட் கேன்டீனைவிட மோசம் உங்களுது" என்று சொன்னாள். ஆனால் வந்தாள்.

தன் கட்டு கட்டான குறிப்புகளைச் சரிந்த கூரையின் பக்கம் வைத்துவிட்டு உட்கார்ந்தாள். அண்ணி கொடுத்த மிட்டாயை வாங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். பக்கத்தைச் சத்தமாக வாசித்தாள். வாசிப்பதில் அவளுக்குத் தேர்ச்சி உண்டு. முற்றுப்புள்ளிகூடக் காதில் விழும்.

"'விரிவுரையாளர் சொல்வது அனைத்தையும் எழுத வேண்டாம். முக்கியமானதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.'"

நிறுத்தினாள். திரும்பிப் பார்த்தாள்.

"எது முக்கியம்?"

அண்ணி மிட்டாயை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்குத் தள்ளினாள்.

"இல்ல, நிஜமாத்தான் கேக்குறேன். எது முக்கியம்னு நான் எப்படி முடிவு பண்றது? அதுக்கு ஜட்ஜ் இருக்காரு. நான் முடிவு பண்ண ஆரம்பிச்சா ஒருத்தன் ஜெயிலுக்குப் போயிடுவான்."

மேலே யாரோ இரண்டிரண்டு படியாக ஏறினார்கள்.

நாத்தனார் அடுத்த வரிக்குப் போனாள். 'முக்கியக் கருத்துகளை அடிக்கோடிடுங்கள்.' தன் குறிப்பில் முதல் பக்கத்தை எடுத்து, பேனாவைத் திறந்து, முதல் வரியை அடிக்கோடிட்டாள். இரண்டாம் வரியை வாசித்தாள். அதையும் அடிக்கோடிட்டாள். மூன்றாவது வரி. அண்ணி பார்த்துக்கொண்டே இருந்தாள். பக்கத்தின் அடிவரைக்கும் கோடு போட்டுவிட்டு நாத்தனார் பேனாவை மூடினாள்.

"சொல்லுங்க அண்ணி. சரியா, தப்பா?"

மிட்டாய் இன்னும் கரையவில்லை. சொல்லியிருக்கலாம், அண்ணிக்கு வாய்வரை வந்தது. ஆனால் என்ன சொல்லியிருப்பாள் என்பது அவளுக்கே தெளிவாக இல்லை. அதுதான் அவளைத் தடுத்தது, பேசக் கூடாதென்ற விதி இல்லை. பிறகு யாரிடமும் அவள் இதை அப்படிச் சொல்லவில்லை. விதி என்றுதான் சொன்னாள்.

நாத்தனார் குறிப்புக் கட்டுகளை அடுக்கிக்கொண்டு எழுந்தாள். கூரையில் தலை இடித்தது.

"சொந்தக்காரி ஒருத்தி முழுகிட்டிருக்கா. மிட்டாய் சப்பிக்கிட்டு வேடிக்கை பாக்குறீங்க. நல்லா இருக்கு உங்க வேலை."

டோக்கனை வாங்காமலே போய்விட்டாள்.

அண்ணி பழைய பதிவுகளை எல்லாம் போட்டுப் பார்த்தாள். முன்பு வந்த மாணவர்கள் எல்லாரும் அந்த வரியைத் தாண்டித்தான் போயிருந்தார்கள். யாருடைய கையும் அங்கே நிற்கவில்லை. நிற்காததை அவள் புரிந்ததாக எடுத்துக்கொண்டிருந்தாள். இப்போது பார்த்தால் வேறு மாதிரி தெரிந்தது. 'வாகனங்களை மெதுவாக ஓட்டவும்' என்கிற பலகையைத் தாண்டுவதுபோல எல்லாரும் அதே வேகத்தில் தாண்டியிருந்தார்கள். 'நல்லா இருக்கு மேடம்' என்று சொல்லிவிட்டு மிட்டாயோடு போயிருந்தார்கள். தெரிந்தவர்களுக்கு அந்த வரி தேவையில்லை. தெரியாதவர்களுக்கு அதனால் பிரயோஜனம் இல்லை. அதை எழுதியது அவள்தான். எழுதும்போது ஒரு நிமிஷம்கூட யோசித்ததாக நினைவில்லை.

நாத்தனார் மேலே வருவதை நிறுத்திவிட்டாள். அண்ணன் போன் செய்தால் எடுத்துப் பேசுவாள். அண்ணி பேசினால், "சொல்லுங்க, பதிவு பண்ணிக்கிறேன்" என்பாள்.

அவளை மேலே கொண்டுவந்தது சுவர் ஈரம்தான். இவர்களுக்கும் மேலே இருந்த வீட்டுக் குழாயிலிருந்து இறங்கிய தண்ணீர் இவர்கள் கூடத்துச் சுவரை நனைத்துக்கொண்டிருந்தது. வீட்டு ஓனர் பார்க்க வந்தபோது இவர்கள் இருவரும் வேலைக்குப் போயிருந்தார்கள். சாவி நாத்தனாரிடம் இருந்தது. சாயங்காலம் அவள் வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். அண்ணியைப் பார்க்காமல் அண்ணனைப் பார்த்துச் சொல்ல ஆரம்பித்தாள்.

"பெல் அடிச்சாரு. நான் யாருன்னு கேட்டேன். 'நான்தான்மா'ன்னாரு. செருப்பைக் கழட்டணுமான்னு கேட்டாரு, வேண்டாம்னேன். உள்ளே வந்து, 'வெயில் கொளுத்துது'ன்னாரு. தண்ணி கேட்டாரு. அவரோட மருமகன் புதுசா கார் வாங்கியிருக்கிறதா..."

"அம்மா தாயே" என்றான் அண்ணன். தட்டில் சோறு ஆறிக்கொண்டிருந்தது. "மருமகன் கார் எனக்கெதுக்கு? ஈரத்துக்கு யாரு பொறுப்புன்னு சொன்னாரு? அத மட்டும் சொல்லு."

"மேல்வீட்டுக்காரர்தான் பொறுப்பு. ஆனா எழுதித் தர மாட்டேன்னாரு."

"அவ்வளவுதானா?"

"அதைப் பத்தி அவ்வளவுதான் பேசினாரு."

அண்ணி கரண்டியைக் கீழே வைத்தாள். வாயில் மிட்டாய் இல்லை.

"இப்ப எப்படிச் சொன்னே?"

நாத்தனார் பழக்கதோஷத்தில் பதில் சொல்லிவிட்டாள். "எப்படின்னா?"

"அவர் அவ்வளவு நேரம் பேசினதுல ரெண்டே வரி. செருப்பு, வெயில், கார் எல்லாத்தையும் விட்டுட்டே. யாரும் ஜெயிலுக்குப் போகல."

"அண்ணன் கேட்டாரே. கேட்டதுக்குப் பதில் சொன்னேன். இதுல என்ன இருக்கு?"

"கேட்டதும் எது வேணும்னு தெரிஞ்சுது இல்ல? சரி, உன் கட்டுரைல யாரு கேக்குறா?"

அண்ணன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

"நான் ஏதாவது சொன்னேனா?" என்று கேட்டான்.

"நீங்க சாப்பிடுங்க" என்றாள் அவன் மனைவி.

"கோர்ட்ல வக்கீல் கேப்பாரு" என்று நாத்தனார் மெதுவாகச் சொன்னாள். "'கதவைப் பத்திச் சாட்சி என்ன சொன்னார், வாசிங்க'ன்னு. கட்டைப் புரட்டி எடுத்து வாசிப்பேன். கிளாஸ்ல யாரும் அப்படிக் கேக்கலையே."

"கட்டுரைத் தலைப்பே கேள்விதானே?"

"அது தலைப்புன்னு நினைச்சேன்."

நாத்தனார் சாப்பிட்டுவிட்டுத் தன் தட்டை மட்டும் கழுவிவைத்துவிட்டுக் கீழே போனாள். வழக்கமாக எல்லாத் தட்டையும் கழுவுவாள். கோபம் பாதி போயிருக்கிறது என்று அண்ணி கணக்குப் போட்டாள்.

அந்த வார இறுதியில் புதுப் பக்கத்தை எழுதினாள். 'முக்கியமானதை மட்டும்' என்ற வரியை எடுத்துவிட்டாள். எதையும் படிப்பதற்கு முன், வகுப்புக்குள் நுழைவதற்கு முன், ஒரு கேள்வியைத் தாளின் தலையில் எழுதிக்கொள்ளுங்கள் என்று தொடங்கினாள். அந்தக் கேள்விக்குப் பதிலாக வருவதை எழுதுங்கள். மற்றதைக் காதோடு விடுங்கள். கேள்வி தப்பாக இருந்தால் பாதியில் மாற்றிக்கொள்ளலாம். ஒரே பேச்சை வைத்து இரண்டு வெவ்வேறு கேள்விகளுக்குக் குறிப்பெடுத்துக் காட்டினாள். பேச்சு ஒரு வீட்டு ஓனருடையது. ஒரு கேள்வி ஈரச் சுவரைப் பற்றியது. இன்னொன்று மருமகனுடைய காரைப் பற்றியது.

திங்கட்கிழமை அதை எடுத்துக்கொண்டு இயக்குநரிடம் போனாள். அவர் தலையைக் கையில் தாங்கிக்கொண்டார்.

"பக்கமெல்லாம் பூட்டியாச்சும்மா. வெளியீட்டுக்கு ஆளைக் கூப்பிட்டாச்சு. இப்ப வந்து ஓட்டைங்கிறீங்க."

"ஓட்டை இருந்தது சார். இப்பத்தான் தெரிஞ்சுது."

"டெஸ்ட் பண்ணினது உங்க நாத்தனாராமே? சொந்தக்காரங்களை வச்சுப் பாக்கலாமா?"

"மத்தவங்க எல்லாம் மரியாதைக்குத் தலையாட்டினாங்க சார். நாத்தனார் எதுக்கு ஆட்டப் போறா?"

அவர் வீட்டிலும் ஒரு நாத்தனார் உண்டு போலிருக்கிறது. பக்கத்தை வாங்கி வாசித்தார். கார் வருமிடத்தில் சிரித்தார்.

"பழசு ஒரு பக்கம், இது ரெண்டு பக்கம் வருது. கூட்ட முடியாது. ஒண்ணை எடுத்துட்டு இதைப் போடலாம். எதை எடுக்கிறது?"

அவள் யோசித்து வைத்திருந்தாள். ஆனால் சொல்லத் தயங்கினாள். மாணவர்களைப் பதிவில் பார்த்ததில், எல்லாரும் ஒரு நொடியும் நிற்காமல் தாண்டிய பக்கம் ஒன்று இருந்தது. முகப்பில், அவருடைய படத்தோடு இருந்த வாழ்த்துரை.

"சார், உங்க வாழ்த்துரைல... எது முக்கியம் சார்?"

இயக்குநர் தன் உரையைத் திரையில் திறந்து, முதலிலிருந்து வாசித்தார். வாசிக்க வாசிக்க அவர் முகம் மாறிக்கொண்டே வந்தது.

"படத்தை மட்டும் விட்டுடுங்க" என்றார். "எங்க அம்மா பாப்பாங்க."

மறுநாள் எல்லா மாணவர்களுக்கும் பக்கம் திறந்தது. அதற்கு முன் அதை நாத்தனாருக்கு மட்டும் தனியாகக் காட்டவில்லை. காட்டியிருந்தாலும் ஏன் என்று யாரும் கேட்டிருக்கப் போவதில்லை.

அடுத்த நாள்களில் கீழ்வீட்டிலிருந்து தட்டச்சுச் சத்தம் கேட்டது, நின்றது, மறுபடி கேட்டது. நிற்பது புதிது. அவள் தட்டச்சு நின்று யாரும் கேட்டதில்லை. ஒருமுறை நாத்தனார் சர்க்கரை கேட்டு மேலே வந்தாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"தலைல கேள்வியை எழுதிவச்சுட்டு மொத்தக் கட்டையும் புரட்டினேன் அண்ணி. லெக்சரர் அந்தக் கேள்வியைப் பத்தி மூணே இடத்துலதான் பேசியிருக்காரு. மிச்சமெல்லாம் மருமகன் கார்."

"பாத்தியா?"

"வெட்டும்போதெல்லாம் யாரோ பின்னால நின்னு பாக்குற மாதிரியே இருக்கு." சர்க்கரைக் கிண்ணத்தை வாங்கிக்கொண்டாள். "உங்க பக்கத்துல ரெண்டாவது உதாரணம் நீளம். பாதி போதும்."

அவள் போனதும் அண்ணி எடுத்துப் பார்த்தாள். பாதி போதும்தான். வெட்டினாள்.

நாத்தனார் கட்டுரையைக் கொடுத்தாள். ஆறாம் பக்கத்தின் நடுவில் முடிந்திருந்தது. மூன்று அறிஞர்களை விட்டுவிட்டதாக வழியில் பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள், ஏதோ பேருந்தில் மறந்து வைத்துவிட்டு வந்ததைப்போல. ஒரு பத்தியில் தன்னைப் பற்றி எழுதியிருந்தாள்: கோர்ட்டில் தான் தட்டச்சு செய்வது வேலை, வீட்டில் அண்ணனுடைய விண்ணப்பங்களைத் தட்டச்சு செய்வது வேலையில்லை, இரண்டுக்கும் விரல்கள் அவையேதான் என்று. அதை அழித்து, மறுபடி எழுதி, மறுபடி அழித்து, கடைசியில் விட்டுவைத்திருந்தாள்.

"என் பேரை இழுத்துட்டியா?" என்றான் அண்ணன்.

"பேர் போடல. 'உறவினர் ஒருவர்'னு போட்டிருக்கேன்."

அதன்பின் காத்திருப்பு. அண்ணி மாடிப்படிக்குக் கீழே தன் வேலையைப் பார்த்தாள். முறைப்படி வெளியீட்டு விழாவும் நடந்தது. யாரோ வந்து ரிப்பனை வெட்டினார்கள், இணையப் பக்கத்துக்கு எதற்கு ரிப்பன் என்று யாரும் கேட்கவில்லை. நாத்தனார் கோர்ட்டுக்குப் போன் செய்து, விடுப்பை எப்போது ரத்து செய்ய வேண்டியிருக்கும் என்று விசாரித்து வைத்துக்கொண்டாள்.

முடிவு ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில், சாப்பாட்டு நேரத்தில் போனுக்கு வந்தது. நாத்தனார் அண்ணன் வீட்டில்தான் இருந்தாள். எழுந்து நின்றுகொண்டாள். கோர்ட்டில் வாசிக்கும்போது அப்படித்தான் நிற்பாளாம்.

"'அன்புள்ள மாணவருக்கு. இத்துடன் நீங்கள் மீண்டும் அளித்த கட்டுரையின் முடிவு தெரிவிக்கப்படுகிறது. பாடக் குறியீடு...'"

"பாஸா ஃபெயிலா?" என்று அண்ணன் கத்தினான். "அத மட்டும் சொல்லு!"

"குறுக்கே பேசாதீங்க. இது முழுசா வாசிக்க வேண்டியது."

குறியீட்டை வாசித்தாள். துறையின் பெயரை வாசித்தாள். மதிப்பிட்டவரின் குறிப்புக்கு வந்தாள். முன்னுரை தெளிவு. முடிவுரை அவசரம். அண்ணன் நெற்றியில் அடித்துக்கொண்டான். அண்ணி வாயைத் திறந்தாள். அடுத்த வாக்கியம் என்ன என்று அவளுக்குத் தெரிந்ததுபோல இருந்தது. கைப்பையைத் துழாவி ஒரு மிட்டாயை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

'தேர்ச்சி' என்ற சொல்லை நாத்தனார் மற்றச் சொற்களின் குரலிலேயே வாசித்தாள். அங்கே நிற்கவில்லை. மேற்கோள் வடிவத்தில் இருந்த இரண்டு குறைகளையும், அனுப்பியவரின் பெயரையும், இந்தச் செய்திக்குப் பதில் அனுப்ப வேண்டாம் என்பதையும் வாசித்து முடித்துவிட்டுத்தான் உட்கார்ந்தாள்.